சாம்பலுக்கு மேல் ஒரு பனை

தமிழோ? அட, தமிழே கதைச்சனீங்கள்? இஞ்சாலை வாங்கோ தம்பி, அந்தப் பையை மேலை வைச்சிட்டு வந்து இருங்கோ. பஸ் இப்ப வெளிக்கிடாது. மலையிலை பனிப்புயல், றோட்டை மூடிப்போட்டாங்கள். பனி தள்ளுற வண்டி வந்து முன்னாலை போகவேணும், நாங்கள் எல்லாரும் அதுக்குப் பின்னாலை வரிசையாப் போகவேணும். அதுமட்டும் இப்பிடியே குந்தியிருக்கவேண்டியதுதான். டிரைவரிட்டை கேக்காதேங்கோ. தோளைக் குலுக்குவான், அவ்வளவுதான்.

நீங்கள் இந்தியாத் தமிழ் எல்லே? கதையிலை தெரியுது. ஓ, கோயம்புத்தூரோ. காத்திலை கரண்ட் எடுக்கிற அந்தப் பெரிய காத்தாடியள் பூட்டுற வேலையோ. நல்லது, நல்லது. வந்து கன காலமே? இப்பதானே. அதுதான் முகத்திலை இன்னும் சிரிப்புக் கிடக்குது.

ஓம், நான்தான். தவமலர் நான்தான். அந்த நூலகச் சுவரிலை இருக்கிறது நான் கீறின படம்தான். பனைமரம். பாத்தவுடனை உங்களுக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுதோ? குறை நினைக்காதேங்கோ தம்பி. நான் முப்பது வருசமாப் படம் கீறுறன். அதிலை என்ரை இல்லாத படம் எண்டால் அது ஒண்டுதான்.

சொல்லுறன். நேரம் கிடக்குதுதானே.

நான் இஞ்சை வந்தது எண்பத்தேழிலை. கலியாணம் கட்டி வந்தனான். அங்கை ஆசிரியர் கலாசாலையிலை சித்திரம் படிச்சனான், ரீச்சரா வரவேண்டியவள். என்ரை மனுசன் குலசிங்கம் இந்த வடக்கு மூலையிலை மீன் கொம்பனியிலை வேலை. அப்ப எங்கடை ஆக்கள்தான் அந்த வேலைக்கு நிண்டது. வந்து இறங்கின கிழமையே எனக்கும் ஒரு றப்பர் ஏப்ரனும் ஒரு சோடி செம்மஞ்சள் கையுறையும் தந்து வரிசையிலை விட்டிட்டாங்கள். மீன் வரும், முள்ளு எடுக்கவேணும். மீன் வரும், முள்ளு எடுக்கவேணும். கீழையிருந்து லைட் எரியிற மேசை. அந்த வெளிச்சத்திலை மீன்ரை சதை கண்ணாடி மாதிரித் தெரியும், தம்பி. நிறம் எண்டால் என்னெண்டு நான் அங்கைதான் படிச்சனான். கலாசாலையிலை இல்லை.

பாஷையும் அங்கைதான். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரப் பொம்பிளையள் தந்த பாஷை. இஞ்சத்தைப் பாஷையை நொஸ்க் எண்டுறது. இந்த வடக்கு நொஸ்க் இருக்குதே, அது கடல்காரற்றை பாஷை, பாதி தூசணம். நான் அதிலை கதைப்பன், பகிடி விடுவன், சண்டையும் பிடிப்பன். ஆனால் கடைக்குப் போய் நான் நொஸ்க்கிலை பாண் கேட்டால் அவன் இங்கிலீசிலை பதில் சொல்லுவான். என்ரை முகத்தைப் பாத்திட்டு! நான் திருப்பி நொஸ்க்கிலை கேப்பன். அவன் திருப்பி இங்கிலீசிலை சொல்லுவான். அது என்ன தெரியுமோ தம்பி? அது கதவை முகத்திலை அடிச்சுச் சாத்திறது. மரியாதையாச் சிரிச்சுக்கொண்டு சாத்திறது. உங்களுக்கும் நடக்கும், பாருங்கோ. நீங்கள் இன்னும் படிக்கத் தொடங்கேல்லை, அதுதான் தெரியேல்லை.

பேந்து எனக்குத் தெற்கை ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்திலை இடம் கிடைச்சுது. பிள்ளையை இவர் பாத்தவர், நான் போய்ப் படிச்சனான். அங்கை போனால் என்ரை வாயைப் பாத்துச் சிரிக்கினம். இந்தப் பாஷையிலை ஒரு சத்தம் இருக்குது, 'ஷ'வும் இல்லை, 'ஹ'வும் இல்லை, ரெண்டுக்கும் நடுவிலை காத்து மாதிரி ஒண்டு. எனக்கு அது வராது. வாத்தி என்னை எழுப்பி, திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லச் சொன்னவன். அன்பாத்தான் சொன்னவன். அந்த அன்பை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. அதுக்குப் பிறகு கன நாளா அந்த வகுப்பிலை நான் வாயே திறக்கேல்லை.

சரி, முதல் கண்காட்சி. நான் என்ன கீறினனான்? எனக்குத் தெரிஞ்சதைத்தான். வேலை முடிஞ்சு கழுவித் தொங்கவிட்ட கையுறையள். செம்மஞ்சள் கையுறையள், வரிசையா, தண்ணி சொட்டச் சொட்ட. ஒருத்தி பேப்பரிலை எழுதினாள், வெப்ப நாட்டுக் காத்திலை காயிற சேலையளாம்! சேலை! விரல் இருக்குதடி அதிலை, அஞ்சு விரல் இருக்குது!

இன்னொண்டு கேளுங்கோ. படத்துக்குப் பின்னாலை நான் எனக்கெண்டு தமிழிலை "மேல்பக்கம்" எண்டு எழுதி வைக்கிறனான். கொண்டுபோறவங்கள் தலைகீழாத் தொங்கவிடக் கூடாதெண்டு. கண்காட்சிக்காரர் அதைத்தான் படத்தின்ரை பேரெண்டு நினைச்சு, ஆரையோ கேட்டு மொழிபெயர்த்து, கீழை எழுதிப் போட்டினம். அதுக்கு ஒரு பேராசிரியர் விளக்கம் எழுதினார். கீழைத்தேயத்து மனம் எப்பவும் மேலுலகத்தைப் பாக்குதாம். வாங்கிப்போன படங்கள் முழுக்க "மேல்பக்கம்" ஒண்டு, "மேல்பக்கம்" ரெண்டு எண்டுதான் இப்பவும் கிடக்குது. நீங்கள் சிரிக்கிறியள். சிரியுங்கோ. எனக்கும் அப்ப சிரிப்புத்தான் வந்தது.

மகளோ? ஒருத்திதான். ஆரணி. ஒஸ்லோவிலை இருக்கிறாள். காது கேளாத பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள்.

அவளோடை நான் நொஸ்க்கிலைதான் கதைச்சனான். பிறந்த நாள் தொட்டு. அந்த நேரம் பிள்ளையை நிறுக்க வாற நேர்ஸ் சொன்னவள், ரெண்டு பாஷை கதைச்சால் பிள்ளை குழம்பும் எண்டு. நேர்ஸ் சொல்லாட்டிலும் நான் அதைத்தான் செய்திருப்பன். இவர் ஏதோ நித்திரையாக்கேக்கை தமிழிலை முணுமுணுப்பார். அதையும் மறிச்சுப்போட்டன். என்ரை பிள்ளையை ஒருத்தன் எழுப்பிவிட்டுத் திருப்பிச் சொல்லு எண்டு கேக்கக் கூடாது, தம்பி. கேக்கேல்லை. அவள் வாயைத் திறந்தால் முகத்தைப் பாக்காட்டில் இஞ்சத்தை மீன்காரன் மகள் எண்டுதான் சொல்லுவியள். அது நான் குடுத்தது. வேறை எந்தத் தாய் குடுத்தவள்?

இவர் மாரடைப்பிலை போனார். அவளுக்கு அப்ப பதினாறு வயசு. செத்தவீட்டிலை ஆக்கள் தேவாரம் படிக்க, இவள் அவையின்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அது எனக்கு ஞாபகம் இருக்குது. ஏனெண்டு தெரியேல்லை, ஞாபகம் இருக்குது.

பேந்து வளந்து வேலைக்குப் போன பிறகு அவளுக்கு ஒரு விசர் பிடிச்சுது. தமிழ் படிக்கப் போறாளாம். சனிக்கிழமையிலை சின்னப் பிள்ளையளோடை ஒரே வாங்கிலை இருந்து அ, ஆ எழுதினவள், பாருங்கோ. ஒருநாள் ரெலிபோன் எடுத்து, "அம்மா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" எண்டாள். றேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரி! எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சுது. ழகரம் வேறை வராது. வாளைப்பளம், மளை எண்டுவாள். நான் திருத்துவன். திருத்தத்தானே வேணும்? பேந்து அவள் தமிழிலை கேக்க நான் நொஸ்க்கிலை பதில் சொல்லிவிடுவன். அவளுக்குச் சுகமா இருக்கட்டும் எண்டு. பாவம், ஒரு வசனம் முடிக்க அவளுக்கு மூச்சு வாங்கும்.

இப்ப சுவருக்கு வாறன்.

நகரசபை புது நூலகம் கட்டினவை. உள்ளுக்கை போனவுடனை தெரியிற பெரிய சுவர், அதிலை படம் கீறித் தரச்சொல்லி என்னைக் கேட்டவை. இந்த ஊரிலை ஒரு சுவர்! நான் வந்து இறங்கின ஊர், என்ரை மனுசன் செத்த ஊர். நான் ஒரு வருசம் யோசிச்சன், தம்பி. என்ன கீறினனான் தெரியுமோ? அந்த மீன் வரிசை. காலமை, வெளியிலை இருட்டு. லைட் மேசைக்கு முன்னாலை பொம்பிளையள் நிக்கினம், முதுகுதான் தெரியுது. எங்கடை பொம்பிளையள், அவையின்ரை பொம்பிளையள், பின்லாந்துக்காரி ஒருத்தி. தொப்பியும் ஏப்ரனும் போட்டால் முதுகிலை ஆர் ஆரெண்டு தெரியாது. முழுக்கச் சாம்பல் நிறம். அந்த மேசை வெளிச்சம் மட்டும் கீழையிருந்து.

அந்த இலையுதிர்காலம் ஆரணி லீவு போட்டு உதவிக்கு வந்தவள். கேக்காமல் வந்தவள். ரெண்டு பேரும் சாரத்திலை ஏறி நிண்டு சாம்பல் பூசினனாங்கள். நல்லா வேலை செய்தவள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாய் ஓயாது. இதுக்குத் தமிழிலை என்ன, அதுக்குத் தமிழிலை என்ன. தூரிகை, ஏணி, முதுகு, ஈரல். எனக்கு வேலை ஓடவேணும். தெரிஞ்ச பாஷையிலை கேளன் எண்டு சொல்லிப்போட்டன்.

ஒருநாள் கேட்டாள், தமிழிலைதான், "அம்மா, சாம்பலுக்குள் ஏன் எப்போதும் பச்சை கலக்கிறீர்கள்?" நான் சொன்னன், அது ஒரு தொழில் முறை, குளிர்ச்சிக்கு எண்டு. திரும்பிப் போய்ச் சாம்பல் பூசத் தொடங்கிட்டாள்.

உங்களுக்குச் சொல்லுறன். யாழ்ப்பாணத்திலை எங்கடை வீடு பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள்ளை. பனையும் இல்லை, தோட்டமும் இல்லை. பின்மதிலுக்கு அங்காலை ஒரு சோடாக் கொம்பனி. விடிய எழும்பினால் போத்தல் கழுவிற சத்தம்தான். உடைஞ்ச போத்தலையெல்லாம் மதிலோடை கொட்டுவாங்கள். நானும் தங்கச்சியும் மதிலேறி வடிவான துண்டுகள் பொறுக்கி வந்து, கண்ணிலை வைச்சுச் சூரியனைப் பாப்பம். முழு ஊரும் பச்சை. அம்மா பச்சை, காகம் பச்சை, கொடியிலை காயிற அப்பான்ரை வேட்டியும் பச்சை. தங்கச்சியின்ரை கை வெட்டுப்பட்டு வந்த ரத்தம் அந்தக் கண்ணாடிக்குள்ளாலை கறுப்பாத் தெரிஞ்சது. அவள் தொண்ணூறிலை செல் குண்டு விழுந்து செத்துப்போனாள், அந்த ஒழுங்கையிலையேதான். மீன் மேசையிலை முதல் நாள் லைட்டைப் போட்டவுடனை நான் கண்டது அந்தப் பச்சைதான். அதுக்குப் பிறகு பச்சை போடாமல் எனக்குச் சாம்பல் வராது.

இதையெல்லாம் ஆருக்குச் சொல்லுறது? கேக்கிறவைக்கு விளங்கவும் வேணுமெல்லே.

சரி. சுவர் பாதி முடிய, நகரசபையின்ரை கொமிட்டி பாக்க வந்தது. தலைவி இங்குன் எண்டு ஒருத்தி. நல்ல மனுசி, கழுத்திலை பெரிய மரமணி மாலை போட்டிருப்பாள். எங்கடை தமிழ்ச் சங்கத் தலைவர் பேரின்பநாயகமும் கொமிட்டியிலை இருக்கிறார். எல்லாரும் அண்ணாந்து பாக்கினம். பேந்து இங்குன் கேட்டாள், "இதிலை நீ எங்கை இருக்கிறாய்?"

"இடப்பக்கத்தாலை மூண்டாவது," எண்டன்.

"இல்லையில்லை, அப்பிடியில்லை. உன்ரை பின்னணி, உன்ரை நிறங்கள். நீ கொண்டுவந்தது."

நான் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், அதிலை ரெண்டு கொட்டன் சேலை எண்டு வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டன். பேரின்பநாயகத்தைப் பாத்தன். நீங்களாவது சொல்லுங்கோ எண்டு. அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தமிழிலை சொல்லுறார், "அக்கா, அவை கேக்கிறதும் நியாயம்தானே. ஒரு பனை, ஒரு யாழ், ஒரு கோபுரம். நாங்கள் இஞ்சை இருந்தமெண்டு நாளைக்குச் சனத்துக்குத் தெரியவேணும். முதுகைக் கீறி வைச்சால் ஆர் கண்டது தமிழன் முதுகெண்டு?"

பாத்தீங்களோ தம்பி? ஒரு பக்கத்தாலை அவையும் பனை கேக்கினம், மற்றப் பக்கத்தாலை எங்கடை ஆக்களும் பனை கேக்கினம். நான் மட்டும் நடுவிலை மீனோடை நிக்கிறன்.

எண்டாலும் நான் விட்டுக்குடுத்திருக்கமாட்டன். நல்ல நொஸ்க்கிலை வாதாடினனான். எங்கடை வேர்வை இந்த ஊரிலை எங்கை விழுந்ததோ அதுதான் என்ரை பின்னணி எண்டன். இங்குன் தலையை ஆட்டத் தொடங்கிட்டாள். கொஞ்சம் விட்டிருந்தால் சரிவந்திருக்கும். அப்ப பாத்து அவள் ஆரணியைத் திரும்பிக் கேட்டாள், "நீ சொல்லு, அம்மா உனக்குச் சொன்ன கதையளிலை அந்த ஊர் எப்பிடி இருக்கும்?"

ஆரணி சாரத்திலை இருந்தவள். கையெல்லாம் சாம்பல். ஏதாவது ஒண்டைச் சொல்லியிருக்கலாமெல்லே? தாயின்ரை பக்கம் நிண்டிருக்கலாமெல்லே? அவள் தூரிகையைக் கீழை வைச்சாள். பேந்து நொஸ்க்கிலை சொன்னாள், "எனக்குத் தெரியாது. அம்மா எனக்கு ஒண்டும் சொன்னதில்லை. எனக்கும் பாக்க விருப்பம்."

அவ்வளவுதான். இங்குன் கண்ணைத் துடைக்கிறாள். பேரின்பநாயகம் நிலத்தைப் பாக்கிறார். முடிஞ்சுது. சொந்தப் பிள்ளை, பிறத்தியாருக்கு முன்னாலை, அவையின்ரை பாஷையிலை, என்னை வெட்டிச் சாய்ச்சுப்போட்டாள். நான் குடுத்த பாஷையிலை, தம்பி!

பனைதானே வேணும்? தாறன். அடுத்த நாள் காலமை இன்ரநெற்றிலை ஒரு பனைமரப் படத்தை எடுத்தன். சிவப்புச் சூரியன் ஒண்டும் எடுத்தன். அந்தப் பொம்பிளையளின்ரை முதுகுக்கு மேலை, சாம்பலுக்கு மேலை, தடிச்ச தூரிகையாலை அடிச்சன். படம் கீறேல்லை, கன்னத்திலை அறையிற மாதிரித்தான் அடிச்சன். ஆரணி கீழை நிண்டு, "அம்மா, வேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை, அம்மா" எண்டு கத்துறாள். தமிழிலை. நான் திரும்பிப் பாக்கேல்லை.

அதைத்தான் நீங்கள் பாத்து அழுதனீங்கள். நீங்கள் மட்டுமில்லை, எல்லாரும்தான். திறப்புவிழாவிலை கைதட்டு ஓயேல்லை. மேயர் வந்து கையைப் பிடிச்சவர். பேப்பர்காரப் பெடியனுக்கு நான் நொஸ்க்கிலை விளக்கம் சொல்ல, அவன் இங்கிலீசிலை "வெரி பியூட்டிபுல்" எண்டான். இப்ப ஒஸ்லோவிலை பெரிய கண்காட்சி வைக்கினம், அழைப்பிதழிலையும் அந்தப் பனைதான். அதுக்குத்தான் போறன். கூப்பிட்டால் போகத்தானே வேணும்.

திறப்புவிழா அண்டைக்கு எல்லாரும் போன பிறகு ஆரணி அந்தப் படத்துக்கு முன்னாலை வந்து நிண்டாள். ஒவ்வொரு சொல்லாத் தேடித் தேடிக் கேட்டாள், "அம்மா, இது உங்கள் வீட்டில் நின்ற மரமா?"

"இன்ரநெற்றிலை எடுத்தது," எண்டு நொஸ்க்கிலை சொன்னன்.

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிட்டாள். நான் புட்டும் மீன்குழம்பும் வைச்சிருந்தனான், சாப்பிடவும் இல்லை. அதோடை ரெலிபோன் இல்லை. நானும் எடுக்கேல்லை. நான் ஏன் எடுக்கவேணும்? பிழை செய்தது அவள்.

இருங்கோ தம்பி, போன் அடிக்குது. அட, அவள். ஒரு நிமிசம்.

…

மன்னியுங்கோ. அவள்தான். றோட்டு மூடினதைச் செய்தியிலை பாத்தவளாம். பஸ்ஸுக்குள்ளை குளிரோ, சாப்பாடு இருக்குதோ எண்டு கேக்கிறாள். நான் எல்லாம் இருக்குதெண்டு சொன்னன், நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள், நொஸ்க்கிலை. பேந்து கேக்கிறாள், நான் போன் எடுக்கேக்கை தமிழ் கேட்டதே, ஆரோடை கதைக்கிறியள் எண்டு. ஒரு தம்பி, வேலைக்கு வந்தவர், பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கிறன் எண்டன். என்ன கதை எண்டாள். சோடாக் கொம்பனி, சித்தி, அப்பிடி ஏதோ எண்டன்.

"எந்தச் சித்தி?" எண்டு கேட்டாள்.

வெட்டுப்பட்டுப் போச்சோ எண்டு பாத்தன், இல்லை, மூச்சுக் கேக்குது. பேந்து சொல்லுறாள், அம்மா, போனை நிப்பாட்டாதேங்கோ, மடியிலை அப்பிடியே வைச்சுக்கொண்டு அவருக்குச் சொல்லுங்கோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன், குறுக்கை கதைக்கமாட்டன், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறன் எண்டு.

என்ன விசர்க் கதை பாருங்கோ. பற்றறி இறங்கிப்போயிடும். நிப்பாட்டிப்போட்டன்.

ஆனால் கண்டியளே தம்பி, கடைசியிலை ஆர் எடுத்தது? நானே எடுத்தனான்? அவள்தான் எடுத்தவள்.

அந்தா, முன்னாலை மஞ்சள் லைட் தெரியுது. பனி தள்ளுற வண்டி வந்திட்டுது, இனி வெளிக்கிட்டிடுவாங்கள். நீங்கள் எழும்பாதேங்கோ, உங்கடை இடத்துக்குப் போகாதேங்கோ. இஞ்சையே இருங்கோ. எத்தினை காலம் தம்பி, இப்பிடி ஒரு மனிசரோடை வாய்விட்டுத் தமிழ் கதைச்சு.